மூளைக்குள் ஊர், ஊருக்குள் மூளை: சமூக நரம்பியல் ஓர் அறிமுகம்

ஒரு சின்ன விளையாட்டிலிருந்து தொடங்கலாம். கணினித் திரையில் மூன்று பேர். கீழே தெரியும் கை உங்களுடையது. இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்கும் பொம்மை உருவங்கள் வேறு இரண்டு பேருக்கு உரியவை. அவர்கள் வேறொரு அறையில் உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பந்து உங்களிடம் வந்தால் பொத்தானை அழுத்தி யாராவது ஒருவருக்கு எறிய வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். வெற்றி தோல்வி கிடையாது, புள்ளிக் கணக்கும் கிடையாது. முதலில் பந்து மூவரிடமும் மாறி மாறி வருகிறது. அப்புறம் ஒரு கட்டத்தில் அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்ள ஆரம்பிக்கிறார்கள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். நீங்கள் பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருக்கிறீர்கள். வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை.

இந்த ஆட்டத்துக்கு சைபர்பால் என்று பெயர். உருவாக்கியவர் கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற சமூக உளவியலாளர். ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஃபிரிஸ்பீ தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். ஆடிக்கொண்டிருந்த இருவரும் அவரையும் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடினார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் அவரை விட்டுவிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒன்றுக்கும் உதவாத ஒரு தட்டு. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அந்தத் தைப்பை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்ததுதான் சைபர்பால். எதிரே ஆடுவது மனிதர்களே அல்ல, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும், பந்து வராதவரின் மனநிலை இறங்கத்தான் செய்கிறது என்று பின்னர் நடந்த சோதனைகள் காட்டின.

2003-ல் நவோமி ஐசன்பெர்கரும் மேத்யூ லீபர்மேனும் வில்லியம்ஸோடு சேர்ந்து இதே ஆட்டத்தை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் ஆடவைத்தார்கள். 13 பேரின் மூளைகள் அந்த ஆய்வில் இடம்பெற்றன. பந்து வராமல் போனபோது, மூளையின் இரு பாதிகளும் சந்திக்கும் உட்சுவரில் உள்ள முன் சிங்குலேட் புறணி என்ற பகுதியில் செயல்பாடு கூடியது. உடம்பில் சூடு பட்டாலோ அடிபட்டாலோ வரும் வேதனையின்போதும் இதே பகுதியில் செயல்பாடு கூடுவது ஏற்கெனவே தெரிந்த விஷயம். செய்தி உலகெங்கும் பரவியது: ‘மனசு வலிக்கிறது’ என்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல, மூளைக்கு அதுவும் வலிதான்!

கேட்க நன்றாக இருக்கிறது. ஓரளவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்று கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் துறைக்குள் நுழையும் வாசல் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு பக்கத்து ஆட்கள்

மனிதர்கள் ஏன் சேர்ந்து வாழ்கிறார்கள், ஏன் சண்டை போடுகிறார்கள், ஏன் ஒருவர் மேலே உட்கார இன்னொருவர் கீழே நிற்கிறார் என்ற கேள்விகளைச் சமூகவியலும் மானுடவியலும் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1895-லேயே ஒரு கோடு கிழித்துவிட்டார். சட்டம், சடங்கு, மொழி போன்றவை தனிமனிதர் பிறப்பதற்கு முன்பே இருப்பவை. வெளியிலிருந்து அவரை நெருக்குபவை. ஆகவே சமூக நிகழ்வுக்கான காரணத்தை இன்னொரு சமூக நிகழ்வில்தான் தேட வேண்டும், தனிமனித மனத்துக்குள் அல்ல என்றார். மூளைக்காரர்கள் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். சுமார் 1.4 கிலோ எடை, ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள், உடல் எடையில் வெறும் 2 சதவீதமாக இருந்துகொண்டு உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்னும் உறுப்பு. அதைத் தனியாக ஒரு மண்டைக்குள் வைத்தே படித்தார்கள். பக்கத்தில் இன்னொரு மண்டை இருக்கிறது என்பது அவர்களுடைய கணக்கில் பெரிதாக வரவில்லை.

இந்த இரண்டையும் இணைக்கும் வேலைக்கு ‘சமூக நரம்பியல்’ என்ற பெயர் ஊன்றியது 1992-ல். ஜான் கசியோப்போ, கேரி பெர்ன்ட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அந்தப் பெயரில் ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். 1990-களை ‘மூளையின் பத்தாண்டு’ என்று அமெரிக்க அரசு அறிவித்திருந்த நேரம் அது. பணமும் கவனமும் மூளைப் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தன. அவர்கள் சொன்னதன் சாரம் எளிது. ஒரே நடத்தைக்குப் பல தளங்களில் காரணங்கள் இருக்கும். மேல்தளத்தில் நடப்பது கீழ்த்தளத்தை மாற்றும், கீழே நடப்பது மேலே எதிரொலிக்கும். ஒரு தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்லிவிட முடியாது.

பெரும்பாலான செய்திகள் இதில் பாதியைத்தான் சொல்கின்றன: மூளை இப்படி இருக்கிறது, அதனால் மனிதர் இப்படி நடக்கிறார். மறுபாதி, அதாவது மனிதர்கள் இப்படி வாழ்கிறார்கள், அதனால் மூளை இப்படி ஆகிறது என்பது, என் கணிப்பில் இரண்டிலும் சுவாரசியமானது. அதற்கு வருவதற்கு முன்னால் ஸ்கேன் படங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

செத்த மீன் என்ன யோசித்தது?

மேலே சொன்ன மூளை ஸ்கேன் இயந்திரத்துக்கு எஃப்எம்ஆர்ஐ என்று பெயர். அது ஒரு பெரிய காந்தக் குழாய். உள்ளே அசையாமல் படுக்க வேண்டும். தடதடவென்று காதைத் துளைக்கும் சத்தம். அந்த இயந்திரம் நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும்; அந்தப் பாய்ச்சலைத்தான் அது அளக்கிறது. ரத்தம் அங்கே உச்சத்தை எட்டவே ஐந்தாறு நொடி ஆகும். எண்ணம் ஓடுவது அதைவிடப் பல மடங்கு வேகத்தில். படத்தில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் சில மில்லிமீட்டர் கனசதுரம்; அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கும். ஆக, ‘மூளையின் இந்தப் பகுதி எரிகிறது’ என்று நாம் படிப்பதற்கு உண்மையான அர்த்தம் ‘ஒப்பிட எடுத்துக்கொண்ட வேறொரு வேலையைவிட, இந்த வேலையின்போது, இந்த இடத்தில் சராசரியாகக் கொஞ்சம் அதிக ரத்தம் பாய்ந்தது’ என்பதுதான். மற்ற பகுதிகளும் சும்மா இருப்பதில்லை. படத்தில் சிவப்பும் மஞ்சளும் நாம் பூசியவை.

2009-ல் கிரெய்க் பென்னட் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சால்மன் மீனை இந்த இயந்திரத்துக்குள் வைத்தார்கள். செத்த மீன். அதற்கு மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் புகைப்படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவரின் உணர்ச்சி என்ன என்று யோசிக்கச் சொன்னார்கள். மனிதர்களுக்குத் தரும் அதே அறிவுறுத்தல், அதே பகுப்பாய்வு. மீனின் மூளையில் சில புள்ளிகள் ‘எரிந்தன’. செத்த மீன் மனித உறவுகளைப் பற்றிச் சிந்திக்கிறது!

இது நையாண்டிதான், ஆனால் காரியமான நையாண்டி. ஒரு லட்சம் பேர் ஆளுக்குப் பத்து முறை காசைச் சுண்டினால், ஏறத்தாழ நூறு பேருக்குப் பத்து முறையும் தலையே விழும். அவர்களிடம் ஒரு மாயமும் இல்லை. சுண்டியவர்கள் அத்தனை பேர், அவ்வளவுதான். மூளைப் படத்திலும் புள்ளிகள் அப்படி ஏராளம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால் சில புள்ளிகள் தற்செயலாகவே தேறிவிடும். அதைத் திருத்தும் கணக்கு முறைகள் உண்டு. அப்போது பலர் அவற்றைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. திருத்தியதும் மீன் மறுபடியும் செத்த மீனாகிவிட்டது. 2012-ல் இந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. மீனுக்குச் சமூகச் சோதனையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலா, குத்தலா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

இன்னொரு வழுக்கல் இதைவிட நுட்பமானது. ‘வலியின்போது இந்த இடம் வேலை செய்கிறது’ என்பது உண்மை. ‘இந்த இடம் வேலை செய்தால் அது வலி’ என்று திருப்பிப் போட்டால்? மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருந்தால் மழைதான் பெய்தது என்று ஆகிவிடாது, தண்ணீர் லாரி போயிருக்கலாம். முன் சிங்குலேட் புறணி வலிக்கு மட்டும் எழுதிவைத்த இடம் அல்ல. எதிர்பார்த்தது நடக்காதபோது, தவறு செய்யும்போது, இரண்டில் எதைத் தேர்வது என்று திணறும்போது எல்லாம் அங்கே செயல்பாடு கூடுகிறது. வருமென்று நினைத்த பந்து வராமல் போவதும் எதிர்பார்த்தது நடக்காததுதானே? 2014-ல் இன்னொரு குழு உடல் வலியையும், காதல் முறிந்தவர்கள் தங்களை விட்டுப்போனவரின் படத்தைப் பார்ப்பதையும் ஒரே ஆட்களிடம் ஒப்பிட்டது. இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஆனால் அந்த இடங்களுக்குள் செயல்பாடு விரிந்திருந்த கோலம் இரண்டுக்கும் வேறு வேறாக இருந்தது. ஒரே கட்டடம், இரண்டு அலுவலகங்கள்.

அப்படியென்றால் ஒதுக்கப்படுவது வலிக்கவில்லையா? வலிக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஸ்கேன் தேவையே இல்லை, ஆடியவரைக் கேட்டாலே போதும். இங்கேதான் நம் பக்கத்துப் பலவீனம் ஒன்று இருக்கிறது. 2008-ல் டீனா வைஸ்பெர்க்கும் சகாக்களும் மனித நடத்தைகளுக்கு நல்ல விளக்கம், உதவாத விளக்கம் என இரண்டு வகையும் எழுதி, சிலவற்றில் மட்டும் ‘மூளை ஸ்கேன் காட்டுவதுபோல’ என்ற தொடர்பற்ற வரியைச் செருகினார்கள். அந்த வரி இருந்தால் உதவாத விளக்கமும் சாதாரண வாசகர்களுக்குத் திருப்தியாகத் தெரிந்தது. நரம்பியல் பாடம் படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் ஏமாந்தார்கள். ஏமாறாதவர்கள் துறை வல்லுநர்கள் மட்டுமே.

காயம் சொல்லும் கதை

ஸ்கேனுக்கு முன்பே மூளையையும் சமூக நடத்தையையும் இணைத்துக் காட்டியவை காயங்கள்தான். எந்தப் பாடநூலைத் திறந்தாலும் ஃபினியஸ் கேஜ் வருவார். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், கேவென்டிஷ் என்ற ஊருக்கு அருகே ரயில்பாதை வேலை. பாறையைத் தகர்க்கத் துளைக்குள் வெடிமருந்தைத் திணித்துக்கொண்டிருந்தார் 25 வயது மேற்பார்வையாளர் கேஜ். மருந்து வெடித்தது. அவர் கையில் இருந்த ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்துக்குள் நுழைந்து மண்டையின் உச்சி வழியாக வெளியே பறந்தது. பிழைத்தார். பேச்சும் நினைவும் இருந்தன. ஆனால் பொறுப்பானவராக இருந்தவர் வாய்க்கு வந்ததைப் பேசுபவராக, எதிலும் நிலைக்காதவராக மாறிவிட்டார். ‘இது பழைய கேஜ் இல்லை’ என்றார்கள் நண்பர்கள். நாகரிகமாக நடந்துகொள்வதற்கு மூளையின் முன்பகுதி வேண்டும் என்ற பாடத்துக்கு இவர்தான் உதாரணம்.

பாடநூல்கள் பெரும்பாலும் அங்கேயே முடித்துக்கொள்கின்றன. கேஜ் அதற்குப் பிறகு 11 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார், 1860-ல்தான் இறந்தார். அதில் பல வருடங்கள் சிலி நாட்டில் குதிரை வண்டி ஓட்டினார். விடிவதற்கு முன் எழுந்து குதிரைகளைத் தயார்செய்ய வேண்டும், பயணிகளிடம் கட்டணம் வாங்க வேண்டும், புது மொழி பேசுபவர்களோடு பழக வேண்டும், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எதிலும் நிலைக்காதவர் செய்யக்கூடிய வேலையா இது? கேஜின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் துருவிய மால்கம் மக்மில்லன் என்ற வரலாற்றாய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் நடந்த அந்த வேலைதான் வெளியிலிருந்து முட்டுக்கொடுத்து, கேஜ் இழந்த சமூகத் திறன்களைத் திரும்பக் கட்டியெழுப்ப உதவியிருக்கும். இது நிரூபிக்கப்பட்ட முடிவல்ல. ஆனாலும் மூளைக் காயத்துக்கு மிகப் புகழ்பெற்ற உதாரணத்துக்குள்ளேயே ஒரு சமூகவியல் கதை இத்தனை காலம் ஒளிந்திருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

‘காதல் ஹார்மோன்’ என்றால் ஜாக்கிரதை

வட அமெரிக்கப் புல்வெளிகளில் வோல் என்ற எலி இனம் ஒன்று இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் சேர்ந்தே வாழும், குட்டிகளைச் சேர்ந்தே வளர்க்கும். அதன் நெருங்கிய உறவான மலைப்பகுதி வோல் அப்படியல்ல. இணை சேர்ந்ததும் அதனதன் வழியில் போய்விடும். சூ கார்ட்டர், தாமஸ் இன்செல், லாரி யங் முதலியோர் இரண்டின் மூளைகளையும் ஒப்பிட்டபோது, ஆக்சிடோசின், வாசோபிரசின் என்ற வேதிப்பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு இனங்களிலும் வேறு வேறு இடங்களில் அமைந்திருப்பது தெரிந்தது. அழகான ஆய்வு. அது மனிதருக்கு வந்து சேர்ந்தபோது ‘காதல் ஹார்மோன்’ ஆகிவிட்டது.

2005-ல் சூரிச்சில் ஒரு சோதனை. முகம் தெரியாத ஒருவரிடம் உங்கள் பணத்தைக் கொடுக்கலாம்; அது பெருகும்; அவர் நேர்மையாகப் பங்கு தருவாரா என்பது அவர் இஷ்டம். மூக்கில் ஆக்சிடோசின் தெளித்துக்கொண்ட 29 பேரில் 13 பேர் முழுப் பணத்தையும் நம்பிக் கொடுத்தார்கள். வெறும் திரவம் தெளித்துக்கொண்டவர்களில் 6 பேர்தான். நம்பிக்கையைப் பாட்டிலில் அடைத்துவிட்டார்கள் என்று உலகமே பேசியது. பிறகு நடந்த பெரிய சோதனைகளில் அந்த விளைவு அப்படியே திரும்பிவரவில்லை. 2023-ல் இன்னொரு அடி: ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாதபடி மரபணுவைத் திருத்திப் பிறந்த புல்வெளி வோல்களும் ஜோடி சேர்ந்தன, குட்டி வளர்த்தன. ஆக்சிடோசினுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிறப்பிலிருந்தே ஒன்று இல்லாமல் போனால் உடம்பு வேறு வழி கண்டுபிடித்திருக்கலாம். பற்று என்பது ஒரே திருகில் திறக்கும் குழாய் அல்ல என்பது மட்டும் தெளிவு.

வெளியிலிருந்து உள்ளே

சரி, இப்போது மறுபாதி. ஊர் எப்படி மூளைக்குள் நுழைகிறது?

அமெரிக்காவில் மக்காக் இனத்துக் குரங்குகள் இருபதை முதலில் தனித்தனிக் கூண்டில் வைத்து, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் டி2 வகை ஏற்பிகள் எவ்வளவு தென்படுகின்றன என்று அளந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு நான்கு நான்காகச் சேர்த்து வளர்த்தார்கள். குரங்குகள் தங்களுக்குள் யார் பெரியவர் என்று சீக்கிரமே தீர்த்துக்கொண்டன. மீண்டும் அளந்தபோது, மேலே ஏறிய குரங்குகளிடம் அந்த ஏற்பிகள் கூடுதலாகத் தென்பட்டன. கீழே தள்ளப்பட்டவற்றிடம் மாற்றம் இல்லை. மூளை அப்படி இருந்ததால் தலைவரானது என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள். பதவி வந்த பிறகு மூளை மாறியது. 2002-ல் வெளியான இந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: விருப்பம்போல் கொக்கெய்ன் எடுத்துக்கொள்ள வசதி செய்தபோது, கீழ்நிலைக் குரங்குகளே அதை அதிகம் நாடின. போதைப்பழக்கத்தைத் தனிமனிதரின் மனவுறுதிக் குறைவாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் குரங்குகளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

மனிதரிடம் இதைவிட எளிய சான்று உங்கள் கண்முன்னேயே இருக்கிறது. இந்த வரியை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்து தோன்றி சுமார் ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. படிப்பதற்கென்று தனி உறுப்பு பரிணாமத்தில் உருவாக அது போதாத காலம். ஆனாலும் படிக்கத் தெரிந்தவர்களின் இடது மூளையில், காதுக்குப் பின்புறம் அடிப்பகுதியில், கிட்டத்தட்ட ஒரே இடம் எழுத்துகளுக்கு என்று ஒதுங்கிவிடுகிறது. எந்த மொழி, எந்த லிபி என்றாலும் பெரிய மாற்றமில்லை. 2010-ல் ஸ்தானிஸ்லாஸ் தெஹானும் குழுவினரும் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களை ஆராய்ந்தார்கள். பள்ளிக்கே போகாதவர்கள், சிறுவயதில் படித்தவர்கள், வளர்ந்தபிறகு எழுத்துக் கற்றவர்கள் என மூன்று வகை. எழுத்தறிவு கூடக்கூட அந்த இடம் எழுத்துகளுக்குக் கூடுதலாக வேலை செய்தது, வளர்ந்தபின் கற்றவர்களிடமும். எழுத்து குடியேறிய அந்த இடத்தில் முகங்களுக்கான வேலை சற்றே குறைந்தும் இருந்தது. பள்ளிக்கூடம் என்ற சமூக ஏற்பாடு மூளைக்குள் இடம் பிடித்து, பழைய குடித்தனக்காரரை லேசாக நகர்த்தியிருக்கிறது.

பிறர் மனத்தை ஊகிப்பதுகூட அப்படித்தானோ? குழந்தைகளுக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறது. முதல் பொம்மை திரும்பிவந்தால் எங்கே தேடும்? சுமார் நான்கு வயதுக் குழந்தை ‘கூடையில்’ என்கிறது. அதைவிடச் சிறியது தனக்குத் தெரிந்ததே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து ‘பெட்டியில்’ என்கிறது. இப்படிப் பிறருடைய நம்பிக்கையை எண்ணிப் பார்க்கும்போது காதுக்கு மேலே, பொட்டெலும்பும் உச்சியெலும்பும் சந்திக்கும் இடத்துக்கு உள்ளே இருக்கும் பகுதி கூடுதலாக வேலை செய்வதை ரெபெக்கா சாக்ஸ் 2003-ல் காட்டினார். அப்படியானால் இது வயது வந்தால் தானே முளைக்கும் திறனா?

நிகராகுவாவில் 1970-களின் பிற்பகுதியில் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளிகள் தொடங்கியபோது, அங்கே சேர்ந்த பிள்ளைகள் தாங்களாகவே ஒரு புதிய சைகை மொழியை உருவாக்கினார்கள். முதல் தலைமுறையின் மொழியில் ‘நினை’, ‘தெரியும்’ போன்ற மனச் சொற்கள் குறைவு. பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சேர்த்து மொழியை வளப்படுத்தினார்கள். ஜென்னி பையர்ஸும் ஆன் செங்காஸும் இரு தலைமுறைக்கும் மேலே சொன்னது போன்ற ஒரு சோதனையைக் கொடுத்தபோது, இருபது வயதைத் தாண்டியிருந்த மூத்தவர்கள் தடுமாறினார்கள், இளையவர்கள் தேறினார்கள். சில ஆண்டுகள் கழித்து, இளையவர்களோடு பழகி மனச் சொற்களைக் கற்றுக்கொண்ட மூத்தவர்களும் முன்னேறியிருந்தார்கள். மண்டைக்குள் நடக்கும் ஒரு வேலைக்கு வேண்டிய கருவி, நண்பர் கூட்டத்திலிருந்து வந்திருக்கிறது.

கசப்பான சான்றும் ஒன்று உண்டு. ருமேனியாவில் நிக்கோலே சௌசெஸ்கு அரசு மக்கள்தொகையைப் பெருக்க 1966-ல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989-ல் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படி இருந்தார்கள். சோறு உண்டு, படுக்கை உண்டு. ஆனால் ஒரு பணியாளருக்கு ஏகப்பட்ட குழந்தைகள். வேலை நேரம் முடிந்தால் ஆள் மாறிவிடுவார். அழுதால் யாரும் வருவதில்லை என்பதால் அழாமலே கிடக்கப் பழகிய குழந்தைகள் வரிசையாகத் தொட்டில்களில் இருந்தார்கள்.

சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூவரும் 2000-ல் புக்காரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பங்களையும் ஆய்வுக்குழுவே தேடிப் பயிற்சி கொடுத்தது. மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தார்கள். குடும்பம் கிடைத்தால் போக அவர்களுக்கும் தடையில்லை. மீதிப் பாதியை விட்டுவிடுவது நியாயமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் பேசப்படுகிறது. முடிவுகள் தெளிவாக இருந்தன. இல்லத்துக் குழந்தைகளின் மூளை மின்னலைகள் வலுக்குறைவாக இருந்தன. குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறனும் பற்றும் மேம்பட்டன. அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களின் மின்னலைகள், எட்டு வயதில் பார்த்தபோது, இல்லத்தையே அறியாத குழந்தைகளுடையதைப் போல இருந்தன. தாமதமாகப் போனவர்களிடம் அந்த அளவு மீட்சி இல்லை.

ஒரு சட்டம், அதனால் நிரம்பிய இல்லங்கள், அங்கே ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள் என்ற கணக்கு, கடைசியில் ஒரு குழந்தையின் மண்டையில் ஒட்டிய மின்முனையில் பதிவாகும் அலை. இந்தச் சங்கிலியில் மூளைக்காரருக்கு முதல் கண்ணி புரியாது, சமூகவியலாளருக்குக் கடைசிக் கண்ணி புரியாது. துர்க்கைம் கிழித்த கோடு இந்த இடத்தில் யாருக்கும் உதவுவதில்லை.

யாருடைய மூளை?

இரண்டு எச்சரிக்கைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு மனிதரால் 150 பேரோடுதான் நிலையான உறவு வைத்திருக்க முடியும்’ என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். 1990-களில் ராபின் டன்பார், குரங்கினங்களின் மூளைப் புறணி அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, அந்தக் கோட்டை மனிதர்வரை நீட்டிப் பெற்ற எண் அது. அடிப்படைக் கருத்து, அதாவது கூட்டு வாழ்க்கையின் சிக்கல்தான் பெரிய மூளையை வளர்த்தது என்பது, இன்னும் விவாதத்தில் இருக்கிறது. எண் மட்டும் சந்தேகத்துக்குரியது. 2021-ல் சுவீடன் ஆய்வாளர்கள் அதே கணக்கைப் புதிய தரவுகளோடு போட்டபோது விடையின் எல்லை மிகமிக விரிந்து போனது.

இரண்டாவது, ஆய்வுக்கு வருபவர்கள் யார்? முன்னணி உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008-ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. அதிலும் கல்லூரி மாணவர்களே மிகுதி. மூளை ஆய்வுகளிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. மூளை சமூகத்தால் மாறுகிறது என்று சொல்லும் ஒரு துறை, ஒருசில சமூகங்களின் மூளைகளை வைத்துக்கொண்டு ‘மனித மூளை’ என்று பொதுவாகப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

குழாய்க்கு வெளியே

காந்தக் குழாய்க்குள் ஒருவர்தான் படுக்க முடியும். பேச்சு, பேரம், சண்டை, கொஞ்சல் எல்லாம் இரண்டு பேருக்கு நடுவில் நடப்பவை. இந்த முரண்பாட்டைத் தாண்டத்தான் இப்போது பலர் முயல்கிறார்கள். இரண்டு ஸ்கேனர்களை இணைத்து இரண்டு பேரை ஒரே நேரத்தில் அளப்பது 2002-லேயே தொடங்கியது. இப்போது தலையில் குல்லா போல மாட்டிக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டன. மெல்லிய ஒளியை மண்டைக்குள் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனை அளப்பவை. உட்காரலாம், ஓரளவு அசையலாம், சத்தமும் இல்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எலீஸ் பியாசாவும் கூட்டாளிகளும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் குல்லாவைக் குழந்தைகளுக்கே மாட்டினார்கள். ஒன்பது மாதம் முதல் பதினைந்து மாதம் வரையான குழந்தைகள், பெற்றோர் மடியில். எதிரே ஓர் ஆய்வாளர், அவர் தலையிலும் ஒரு குல்லா. அவர் சில நிமிடங்கள் குழந்தையோடு விளையாடினார், பாடினார், படக்கதை படித்துக்காட்டினார். பிறகு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொரு பெரியவரிடம் கதை சொன்னார். குழந்தை பெற்றோரோடு தானாக விளையாடிக்கொண்டிருந்தது. முகம் பார்த்து விளையாடியபோது இரண்டு மூளைகளின் ஏற்ற இறக்கமும் பல இடங்களில் ஒன்றாக நடந்தது. திரும்பிக்கொண்டதும் அந்த ஒற்றுமை மறைந்தது. அதுவரைக்கும் எதிர்பார்த்ததுதான். பெரியவர் முன்னால் போக, குழந்தையின் மூளை அவரைப் பின்தொடரும் என்றே நினைத்திருப்போம். பதிவுகளை நேரவாரியாக ஒப்பிட்டபோது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில் பல நேரம் குழந்தையின் மூளைதான் சில நொடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. பெரியவருடையது அதன் பின்னால் வந்துகொண்டிருந்தது.